குன்றேறு முன்

விடுமுறை வந்துவிட்டால் ஒருநாட் பயணம் போய்வரும் வழக்கம் நம்மவரிடையே நன்கு வேரூன்றிவிட்டது. வைகறையிற் கட்டுச்சோற்றுடன் புறப்படுகிறோம். இரவானதும் வீடு திரும்புகிறோம். ஆயினும், போன இடத்தில் என்ன கண்டீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டால், "ஏறினோம், இறங்கினோம்" என்பதே பெரும்பாலும் மறுமொழியாகிறது.

மாணவர் சிலரைச் சிகிரியாவுக்கு அழைத்துச் சென்றபோது நாமும் இதனை உணர்ந்தோம். வண்டி நின்றதும், சமவெளியிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உயர்ந்து நிற்கும் குன்றையே எல்லோரும் அண்ணாந்து பார்த்தனர். உச்சியை முதலில் எட்டுபவர் யார் என்ற பந்தயமும் மூண்டது. நாமோ அவர்களை அடிவாரத்திலேயே நிறுத்தினோம்.

சிகிரியாவின் பெருமையிற் பாதி அடிவாரத்திலன்றோ இருக்கிறது! கி.பி. 477 முதல் 495 வரை அரசாண்ட காசியப்பன் காலத்து நீர்ப்பூங்கா அது. நடைபாதையின் இருமருங்கும் ஒன்றையொன்று ஒத்த தடாகங்கள் அமைந்துள்ளன. துளையிட்ட வட்டக் கற்பலகைகள் சிலவற்றையும் அங்கே காணலாம். அவையே அக்காலத்து நீரூற்றுகள். நிலத்தடிக் கால்வாய்களில் வரும் நீர், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் அழுத்தத்தினாலேயே அவற்றின் வழியே மேலெழும். மழைக்காலத்தில் இன்றும் அவை இயங்குகின்றன. பௌதிக வகுப்பிற் கற்ற விதியைக் கல்லிற் கண்டபோது பந்தயத்தை எல்லோரும் மறந்துவிட்டனர்.

பின்னர் ஏறத் தொடங்கினோம். வழியிலே கண்ணாடிச் சுவர் வந்தது. செங்கல்லாற் கட்டி, வெண்சாந்து பூசி, பளபளக்க மினுக்கிய சுவர் அது. குன்றின் ஓவியப் பெண்களைக் காண வந்த பழங்காலத்தார், பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை, தம் பாடல்களை அதிலே பொறித்துச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் பரணவிதான படித்தறிந்து 1956இல் நூலாக வெளியிட்டார்.

இதைச் சொன்னதும் மாணவனொருவன், "ஐயா, அவர்கள் எழுதினால் இலக்கியம், நாங்கள் எழுதினாற் குற்றமா?" என்றான். மற்றவர்கள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை, நல்ல கேள்வியல்லவா?

"இனி எழுதப்படும் ஒவ்வோர் எழுத்தும் பழைய எழுத்தொன்றின் மீது விழுகிறது. அழிந்ததை மறுபடி எழுத அதை எழுதியவர் வரமாட்டார்" என்றோம். 1967இல் அவ்வோவியங்கள்மீது விஷமிகள் வர்ணம் பூசிச் சிதைத்ததையும் எடுத்துரைத்தோம். கேட்டவன், கையிலிருந்த திறப்பைச் சட்டைப்பைக்குள் மெல்ல இட்டுக்கொண்டான். நாம் காணாதவர்போல் அப்பால் நடந்தோம்.

2015இல் இச்சுவரிலே பெயர் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் சனாதிபதியின் மன்னிப்பினால் அவள் விடுதலையானாள். அச்செய்தியைப் படித்த நாள் முதல் ஓர் எண்ணம் நம் நெஞ்சை உறுத்திவருகிறது. பயணத்துக்கு வேண்டிய சோற்றையும் தண்ணீரையும் மறவாது எடுத்துவைக்கும் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம், அவ்விடத்தின் அருமையைப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவைக்கிறோமா?

அடுத்த பயணத்திற்குப் புறப்படுமுன், முதல்நாள் இரவு அரைமணி நேரம் பிள்ளைகளுடன் அமர்ந்து பேசுங்கள். குன்றேறுவது அதன் பின்னர் ஆகட்டும்.