வாய் திறக்காதவர்களா?

மருத்துவத் துறையில் பெண்கள் தலைமைக்கு வராததற்கு அவர்களின் கூச்சமே காரணமாம். கேட்டால் யார் தடுக்கப்போகிறார்கள் என்கிறார் மருத்துவமனையில் பணியாற்றும் நண்பர்.

கேட்டார்களே! 2025 பிப்ரவரியில் கேரளத்தில் ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலக வாசலில் உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கச் சொல்லி, வெயிலிலும் மழையிலும், மாதக்கணக்கில். இதைவிட எப்படி வாய் திறப்பது? 2022-இல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்துக் கொண்டாடியதும் இந்திய ஆஷாக்களைத்தான். விருதென்றால் சுகாதாரத்தின் முதுகெலும்பு, ஊதியம் கேட்டால் வெறும் தன்னார்வலர்!

அவர்கள் அடிமட்டத்தினர், மேலே கதை வேறு என்பாரோ? அதே நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி, உலகின் சுகாதாரப் பணியாளர்களில் 70 சதவீதம் பெண்கள். உயர் பொறுப்புகளில் 25 சதவீதம். இரவுப் பணியில் எட்டிப் பார்க்காத கூச்சம், பதவி உயர்வு நாளில் மட்டும் வந்து ஒட்டிக்கொள்கிறது போலும்.

தலைமைக்கு வந்தவர்களும் உண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-இல் தொடங்கியவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. அதை வளர்த்து நடத்தியவர் மருத்துவர் சாந்தா. இருவரையும் விதிவிலக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால், முதலில் நண்பர் ஒன்றைச் சொல்லட்டும்: அவர் மருத்துவமனையின் நியமனக் குழுவில் எத்தனை பெண்கள்?