செத்தவீடும் அதன் விலையும்

“பாதர், வீட்டை விக்கப் போறன். வாங்க வாற சனம் பயப்பிடுதுகள். ஒருக்கா வந்து மந்திரிச்சு விடுங்கோ.”

2012ஆம் ஆண்டில் வன்னிக் கிராமமொன்றில் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். 2009 தை மாதம், எறிகணை வீழ்ந்து அவருடைய கணவர் அந்த வீட்டு விறாந்தையிலேயே உயிர் நீத்தார். அன்று மாலையே சேமக்காலையில் அவசரமாக அடக்கம் செய்துவிட்டு, பிள்ளைகளோடு அவர் இடம்பெயர்ந்தார். மீளக்குடியேறியபின் கடன் நெருக்கவே வீட்டை விற்க நினைத்தார்.

நான் போய் மந்திரித்தேன். அதனால் பயன் பெற்றவர் ஒரு தரகர்தான். “ரத்தம் சிந்தின வீடக்கா, இதை ஆர் வாங்குவினம்?” என்று சொல்லிச் சொல்லியே, பக்கத்து வளவு போன விலையில் பாதிக்கு அதை வாங்கினார். ஒரு வருடம் கழியுமுன் வெளியூர்க் குடும்பமொன்றுக்கு முழு விலைக்கு விற்றார். அப்போது வீடு மந்திரித்த வீடாகிவிட்டது! சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை.

மக்களின் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. பஞ்சமியில் சாவு நேர்ந்தால் எமது இந்துச் சகோதரர் சில மாதங்கள் வீட்டைப் பூட்டி வைப்பதுண்டு. அதற்கு ஒரு தவணை இருக்கிறது. தவணை முடியத் திரும்பி வந்து விளக்கேற்றுகிறார்கள். தரகரின் பயத்துக்குத் தவணை கிடையாது, விலை மட்டுமே உண்டு. 2009க்குப் பின் எங்கள் ஊர்களில் சாவு காணாத வளவு எத்தனை? விற்பவர் “இன்னார் இங்கேதான் இறந்தார்” என்று வாங்குபவரிடம் நேரே சொல்ல வேண்டும். அதற்காக விலையில் ஒரு சதமும் குறைக்கத் தேவையில்லை.

வாங்குபவர் விசாரிக்க வேண்டியது வேறொன்று: இறந்தவரின் பங்கு இப்போது யாருடையது? அந்தக் காணி கணவரின் முதுசம். தேசவழமையின்படி அது பிள்ளைகளைச் சேரும். பராயமடையாத பிள்ளையின் பங்கை விற்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். தாய் தனியே கையெழுத்திட்டார். நொத்தாரிசும் உறுதி எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று 12 வயதாயிருந்த மகன் வளர்ந்தபின் வந்து தன் பங்கைக் கேட்டான். வெளியூர்க் குடும்பம் இருந்த சேமிப்பையெல்லாம் அந்த வீட்டில் போட்டிருந்தது. ஆவியொன்றும் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை.

குடியேற்றத் திட்டங்களில் உள்ளவர்களுக்கு இன்னொரு சொல். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த காணியை, பிரதேச செயலாளரின் சம்மதமின்றி எந்த உறுதியாலும் கைமாற்ற முடியாது. பெர்மிட் பெற்றவர் இறந்தால், பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதைக் கச்சேரிப் பக்கம் போய்ப் பாருங்கள்.

கணவர் காணாமற்போன பெண்களின் நிலை வேறு. 2010ஆம் ஆண்டுச் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. அதை வாங்க மனமில்லாதவர்களுக்காக, காணாமற்போனமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016இல் வந்தது. அதைக்கொண்டு, மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையோடு, சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். அறுதியாக விற்பதற்கு அது போதாது. வீட்டை விற்பதற்காக “அவர் செத்துவிட்டார்” என்று எழுதிக் கொடுங்கள் என அந்தப் பெண்களிடம் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. அவர்களை அவசரப்படுத்தும் தரகர்களுக்கு அது இலகுவாக வருகிறது.