சர்க்யூட் தாளை எடைக்குப் போடாதீர்கள்

பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களில் திருவிழாவானாலும் கல்யாணமானாலும் ஒலிபெருக்கி இல்லாமல் நடப்பதில்லை. உப்புக்காற்று இரும்பையே தின்னும், ஆம்பிளிஃபயரை விடுமா? பழுது பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டரோ கண்டன்சரோதான். ஆயினும் சர்க்யூட் படம் இல்லையென்றால் மெக்கானிக் கையை விரிக்கிறார். செட் எடைக்குப் போகிறது.

1966-இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற கித்தார் பெடலில் இருப்பவை 2 டிரான்சிஸ்டர்களும் சில உதிரிகளுமே. அதன் படத்தை ஆர்வலர்கள் கணினியில் ஏற்றிப் பகிர்ந்தார்கள். இன்று பல நாடுகளில் வீட்டிலேயே அதைச் செய்கிறார்கள், பழுதும் பார்க்கிறார்கள்.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது நல்லதே. ஆனால் மூடிப்போன கம்பெனியின் படத்தை யார் தருவார்? அது நம் ரேடியோ, எலெக்ட்ரிகல் கடைகளின் பழைய அலமாரிகளில்தான் கிடக்கிறது.

மளிகைக்காரருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். வலை வருமானம் புது செட்டுக்குப் போனால், நம் பற்று நோட்டில் பாக்கி நிற்கும்!

ஆகவே, கிடைக்கும் தாள்களை செல்போனில் தெளிவாகப் படமெடுத்து, கம்பெனி, மாடல் பெயர் குறித்து, சங்கத்தில் ஒரு பிரதி சேர்ப்போம். விற்க வேண்டாம்; கேட்கும் மெக்கானிக்குக் கொடுப்போம். தாள் செல்லரிக்கும் முன் செய்வதே நலம்.