தப்பிசைக் கலைஞரின் பெயர்

மாசித் திங்கள் அமாவாசை கழிந்ததும் ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே காமன் கம்பம் ஊன்றப்படுகிறது. அன்று தொடங்கி, மன்மதன் எரிந்து சாம்பலாகும் இரவு வரையில் லயங்களின் நடுவேயுள்ள காமன் பொட்டல் கண்ணுறங்குவதில்லை. ரதியின் ஒப்பாரியை மறுநாள் கொழுந்து மலையிலே பெண்கள் நினைவுகூர்ந்து பேசுவர். மன்மதனாக ஆடிய இளைஞனின் காற்சதங்கையைப் புகழ்வர். வீரபத்திரன் வருகையைக் கண்டு பிள்ளைகள் அஞ்சி ஓடியதைச் சொல்லிச் சிரிப்பர். ஆனால், இரவு முழுவதும் அந்த ஆட்டத்தைத் தம் தோளிலே சுமந்து நின்ற தப்புக்காரர் யார் என்று கேட்டால், “மேற்கணக்கு ஆட்கள்” என்ற அளவிலேதான் பெரும்பாலும் விடை கிடைக்கும். ஆடியவனுக்குப் பெயர் உண்டு. பாடியவனுக்குப் பெயர் உண்டு. அடித்தவனுக்கு மட்டும் பெயர் இல்லை.

கலை வளர்வதற்குக் கலைஞன் ஒருவன் மாத்திரம் போதாது. கேட்கத் தெரிந்த செவிகளும் வேண்டும். கேட்கத் தெரிதலாவது யாது? ஓசை நன்றாக இருந்தது என்று பொதுப்படச் சொல்லிவிடுவது அன்று. இந்தக் கையின் அடி அந்தக் கையின் அடியினின்றும் எவ்வாறு வேறுபடுகிறது என்று பிரித்தறிவதும், அந்தக் கைக்குரியவனைப் பெயர் சொல்லிப் போற்றுவதுமே கேட்கத் தெரிதல் ஆகும். இந்தப் பழக்கம் ஒரு மலைநாட்டு இசையை எவ்வளவு உயரத்திற்குக் கொண்டு சென்றது என்பதற்கு அமெரிக்க நாட்டிலே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நம் தப்பைப் பற்றிச் சிந்திப்பதற்கு முன்னர் அதனைச் சற்றே பார்ப்பது பயன் தரும்.

அந்நாட்டின் கிழக்குப் பகுதியிலே அப்பலாச்சிய மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களிலும் பஞ்சாலைகளிலும் உழைத்த ஏழை மக்களின் மலை அது. அம்மக்களை நகரத்தார் காட்டுமலையார் என்னும் பொருள்பட இகழ்ந்து அழைத்தனர். அவர்களுடைய பாட்டையும் அதே சொல்லால் இகழ்ந்தனர். அந்த மலைப்பாட்டின் அடியிலிருந்து, 1940களிலே பில் மன்றோ என்பாரின் குழுவினர் வழியாக உருவானதே புளூகிராஸ் என்னும் இசை. அதில் இடம்பெற்ற கருவிகளுள் டோப்ரோ என்பது ஒன்று. மடியிலே மல்லாத்தி வைத்து, உருக்குத் துண்டொன்றைத் தந்திகளின் மீது வழுக்கி வாசிக்கும் கிற்றார் அது. ஒலிபெருக்கி பரவாத காலத்திலே, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே கிற்றாரின் குரல் எழ வேண்டும் என்பதற்காக, அதன் வயிற்றினுள்ளே மெல்லிய உலோகக் கூம்பொன்றைப் பொருத்தினார் ஜோன் டோப்பியேரா. சிலோவாக்கிய நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த கைவினைஞர் அவர். 1928 இல் அவரும் அவருடைய சகோதரர்களும் தொடங்கிய தொழிலகத்தின் பெயரே கருவிக்கும் பெயராயிற்று. அவர்தம் தாய்மொழியிலே அச்சொல்லுக்கு ‘நல்லது’ என்றும் பொருள் உண்டு.

கருவி பிறந்தது, ஆயினும் அதற்குரிய மதிப்பு உடனே பிறக்கவில்லை. மலைப்பாட்டு மேடையிலே டோப்ரோ வாசித்தவன் பல வேளைகளில் கோமாளி வேடமும் ஏற்றான். 1955 இல் பிளாற், ஸ்க்றக்ஸ் என்னும் இருவரின் குழுவிலே ஜோஷ் கிரேவ்ஸ் சேர்ந்தபோது, நகைச்சுவையும் அவருடைய பணியாகவே இருந்தது. ஆனால் அவர், ஸ்க்றக்ஸ் பாஞ்சோவிலே மூன்று விரல்களால் காட்டிய விரைவைத் தம் கருவிக்குக் கொண்டுவந்தார். இழைந்து அழுவதற்கே உரியது என்று எண்ணப்பட்ட கருவி, குதிரைப் பாய்ச்சலிலும் செல்லத் தொடங்கியது. அவரைக் கேட்டுச் சிறு வயதிலேயே அக்கருவியை நாடியவர் ஜெரி டக்ளஸ். அவருடைய தந்தையார் ஓர் உருக்காலைத் தொழிலாளி. மைக் ஓல்ட்ரிட்ஜ் என்பவரோ விரைவை விடுத்துத் தெளிவையும் மென்மையையும் தம் வழியாகக் கொண்டார்.

அவ்விசையைக் கேட்போர் இம்மூவரையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறிவர். பாட்டின் நடுவே ஒவ்வொரு கருவியாளனும் தன் முறை வந்ததும் முன்னே வந்து தனித்து வாசிப்பதும், கேட்போர் அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டுவதும் அங்கே மரபாகிவிட்டன. 1990 ஆம் ஆண்டு முதல், அவ்விசைக்குரிய அனைத்துலகச் சங்கம் ஆண்டுதோறும் டோப்ரோவுக்கென்றே தனிப் பரிசு வழங்கி வருகிறது. டக்ளஸுக்கு 2004 இலும் ஓல்ட்ரிட்ஜுக்கு 2012 இலும் அந்நாட்டு அரசின் கலை அமைப்பு மரபுக் கலைஞருக்குரிய உயர் விருதை அளித்தது. கோமாளியின் கருவி மேதைகளின் கருவியானது இவ்வாறுதான்.

தந்தியின் மீது வழுக்கி வாசிக்கும் முறை நமக்கும் புதிதன்று. கோட்டு வாத்தியம் எனப்படும் சித்திர வீணையைத் தமிழ்ச் செவிகள் நன்கறியும். வடநாட்டு மோகன வீணைக் கலைஞர் விஸ்வமோகன் பட்டும் ஜெரி டக்ளஸும் ஒன்றாக அமர்ந்து வாசித்த இசைத்தட்டு 1995 இல் வெளிவந்தது. எனினும், மலைநாட்டு மக்களாகிய நமக்கு அப்பலாச்சிய மக்கள் தரும் பாடம் கருவியைப் பற்றியது அன்று. மலையிலே உழைப்பவனின் இசையைக் கூர்ந்து கேட்டு, அதனை இசைத்தவனின் பெயரை நினைவில் வைப்பதே அப்பாடம்.

இனி, நம் தப்பைக் கேட்போம். மரவளையமும் அதன் மேல் இழுத்து ஒட்டிய தோலுமே தப்பு. இதனினும் எளிய கருவி வேறில்லை என்று தோன்றும். ஆனால் எளிய கருவியே கடினமான கருவி. வளையத்தின் மேல் விளிம்பைப் பற்றியிருக்கும் இடக்கையிலே மெல்லிய நீண்ட குச்சி. வலக்கையிலே தடித்த குறுங்குச்சி. தடித்த குச்சி தாளத்தின் நடையைச் சொல்ல, மெல்லிய குச்சி அந்த நடையின் இடைவெளிகளை நிரப்புகிறது. நடுத்தோலிலே விழும் அடிக்கு ஒரு குரல். விளிம்பருகே விழும் அடிக்கு வேறொரு குரல். இரண்டு குச்சிகள், இரண்டு மூன்று இடங்கள், இவற்றுக்குள்ளே இரவு முழுவதும் சலிப்புத் தட்டாமல் புதிது புதிதாகச் சொற்கட்டுகளைப் படைக்க வேண்டும். போதாக்குறைக்குக் கால்கள் ஆட வேண்டும். உடல் குனிந்து நிமிர்ந்து சுழல வேண்டும். கையின் கணக்கோ பிசகலாகாது.

மலைநாட்டிலே இன்னொரு சோதனையும் உண்டு. நுவரெலியாவின் பனியும் மூடுபனியும் தோலைத் தளர்த்திவிடும். தளர்ந்த தோல் ஊமையாகிவிடும். ஆகவே தப்புக்காரர் பொட்டலின் ஓரத்திலே சருகையும் வைக்கோலையும் கொளுத்தி அடிக்கடி தப்பைக் காய்ச்சுவர். காய்ச்சல் குறைந்தால் குரல் எழாது. மிகுந்தால் தோல் வெடித்துப்போம். விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துப் பதத்தை அறிகிறானே, அந்தச் செவி சுருதி சேர்க்கும் வித்துவானின் செவிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

கூத்திலே தப்பு வெறும் பக்கவாத்தியமாக நிற்பதும் இல்லை. ரதி மன்மதன் கலியாணத்துக்கு ஓர் அடி; தூதன் வரவுக்கு ஓர் அடி; சினந்து வரும் வீரபத்திரனுக்கு வேறோர் அடி. தகனம் முடிந்து ரதி புலம்பும்போது அதே தப்பு குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளோடு சேர்ந்து அழுகிறது. ஆடுபவன் தளர்வதை உணர்ந்து நடையைத் தணிப்பதும், அவனுக்கு அருள் ஏறும் தறுவாயிலே விரைவைக் கூட்டுவதும் தப்புக்காரரின் தீர்ப்பே. நல்ல கையும் சாதாரணக் கையும் இங்கேதான் பிரிகின்றன. ஓங்கி அடிப்பவன் எவனும் கூட்டத்தை ஈர்ப்பான். அடிக்காமல் விடவேண்டிய இடத்தை அறிந்தவனே ஆசான்.

மலையக மக்களின் வரலாற்றிலும் தப்புக்கு நீங்காத இடமுண்டு. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் விடியற்பொழுதிலே தொழிலாளரைப் பிரட்டுக் களத்திற்கு அழைத்தது தப்பொலியே. 1954 இல் வெளிவந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் ஆங்கிலக் கவிதை நூலிலும் அந்த ஒலியே விடியலை எழுப்புகிறது. துரையின் கட்டளையைச் சுமந்த அதே தோல், மாலையிலே தொழிலாளியின் திருவிழாவையும் சுமந்தது. அவன் இறந்த அன்று அவனைச் சுடுகாடு வரையில் வழியனுப்பியும் வைத்தது. 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னர் குடும்பங்கள் பிரிந்து இந்தியா சென்றபோது, எத்தனையோ கைத்திறன்களும் கப்பலேறின. அவர்களுள் தப்பிலே வல்லவர் யார், யாரிடம் கற்றார் என்று நாம் எழுதி வைத்த ஏடு எங்கே இருக்கிறது?

ஏடு இல்லாமைக்குக் காரணம் மறதி மாத்திரம் அன்று. அதைவிடக் கசப்பான காரணம் ஒன்று உண்டு. தப்பு ஒரு சாதியின் கடமையாக்கப்பட்டது. கலை என்று அதனை எண்ணாது ஊழியம் என்று எண்ணினார்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலுக்குத் தமிழுலகம் தலைவணங்கியது; அது முறையே. ஆனால் தவிலும் மரமும் தோலும்தான். தப்பும் மரமும் தோலும்தான். ஒன்றுக்கு மண்டபத்தின் நடுவிலே இடம்; மற்றொன்றுக்கு வாயிலுக்கு வெளியே இடம். விருந்தினரைத் தப்படித்து வரவேற்று, அவர் உள்ளே சென்றதும் அடித்தவரை வெயிலிலே நிறுத்திவிடும் விழாக்கள் இன்றும் அரியன அல்ல. இந்த இழிவைச் சுமக்க மறுத்துத் தப்பைக் கீழே வைத்துவிட்ட இளைஞரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. கலையைப் போற்றுவோம், கலைஞனை ஒதுக்குவோம் என்பது போற்றுதலும் அன்று, அறமும் அன்று.

சங்க காலத்தார் இவ்வாறு இருக்கவில்லை. துடி கொட்டுவோரையும் பறை கொட்டுவோரையும் சிறந்த குடிகளாக எண்ணிப் பாடிய மாங்குடி கிழாரைப் புறநானூற்றிலே நம் மாணவர் படிக்கின்றனர். படித்ததை நடைமுறையிலே காண்பதற்குத் தமிழகத்தில் இப்போது ஓரளவு வழி பிறந்திருக்கிறது. மதுரை மாவட்டப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025 ஆம் ஆண்டிலே பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பல்லாண்டுகளாகச் சாதிக் கருவி என்று ஒதுக்கப்பட்டதை ஆணும் பெண்ணும் விரும்பிக் கற்கின்றனர். ஒருவருடைய பெயர் வெளிச்சத்திற்கு வரும்போது, அவருக்குப் பின்னே நிற்கும் நூறு கைகளும் நிமிர்கின்றன.

மலையகத்திலே நாம் செய்யக்கூடியது என்ன? பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் அச்சிடும் துண்டுப்பிரசுரத்திலே, தலைமை தாங்குவோர் பெயர் வரிசைக்கு மேலே தப்பிசைக் கலைஞரின் பெயர் இடம்பெறட்டும். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் தம் மாணவரை அனுப்பி, அக்கம்பக்கத்துத் தப்பாசான்களின் பெயர், கற்ற இடம், அறிந்த அடிகள் ஆகியவற்றை எழுதுவிக்கட்டும். இன்று மாணவர் கையிலுள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக்குப் போதும். இலக்கிய வட்டங்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும், பேச்சாளர் எவரும் இல்லாத கூட்டமொன்றைக் கூட்டி, இரண்டு கலைஞர்களைத் தனித்தனியே வாசிக்கச் செய்து, அமர்ந்து கேட்கட்டும். அமர்வதற்கு அக்கலைஞருக்கும் நாற்காலி இருக்கட்டும். பொன்னாடை போர்த்தும் கை, உரிய ஊதியத்தையும் கொடுக்கட்டும். தப்பைக் கற்பது எந்தப் பிள்ளைக்கும் விருப்பமாக இருக்கலாம். எந்தப் பிள்ளைக்கும் பிறப்பின் கடமையாக இருத்தல் ஆகாது.

மலையக மக்கள் இம்மண்ணிலே 200 ஆண்டுகளைக் கழித்ததை 2023 இல் நினைவுகூர்ந்தனர். அந்த ஆண்டுகளின் நெடுகிலும் அவர்களோடு நடந்துவந்த ஓசை தப்பினுடையது. வருகின்ற மாசியிலே பொட்டலிலே தீ மூட்டித் தப்புக் காய்ச்சும்போது, அருகே சென்று, “ஐயா, உங்கள் பெயர் என்ன? யாரிடம் கற்றீர்கள்?” என்று ஒரு மாணவன் கேட்பானாயின், அன்று தொடங்கும் நம் இசையின் எழுதப்பட்ட வரலாறு.