கருவி வந்தது, கலக்கம் யாருக்கு?

தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலே படிக்கிறான் பாட்டாளியின் பிள்ளை. குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். கருத்து இருக்கிறது, ஆங்கிலந்தான் கைகொடுக்க மறுக்கிறது. 2022 நவம்பரில் வந்தது சாட்ஜிபிடி. எழுதியதைக் கொடுத்தால் பிழை நீக்கித் தருகிறது.

"ஏமாற்று வேலை!" என்று எகிறுகிறார்கள் சிலர். கேட்கிறேன்: கான்வென்ட் படிப்பும் தனி ஆசிரியரும் வாய்த்தவனுக்குக் கட்டுரை திருத்தித் தர நேற்றுவரை ஆளிருந்ததே, அதற்குப் பெயர் என்ன?

இன்னொரு கொடுமை கேளுங்கள். இயந்திரத்தின் எழுத்தைக் கண்டுபிடிக்கவும் கருவிகள் உண்டு. அவற்றில் ஏழினை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் சோதித்தனர். ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் டோஃபல் தேர்வுக்குத் தாமே எழுதிய 91 கட்டுரைகள். சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியதென்றன! காரணம், எளிய சொற்கள்! எளியவனின் எளிய நடையே குற்றச்சாட்டா?

ஆனால், மாணவத் தோழனே! சிந்தனையையும் கருவியிடம் ஒப்படைத்தால் பட்டம் உனக்கு; அறிவு எவனுக்கோ! முதலில் நீ எழுது. பிறகு திருத்தச் சொல். ஏன் திருத்தியதென்று கேள். ஊன்றுகோல் நடப்பதற்கு, தலையணையாக்கிப் படுப்பதற்கா?

ஆசிரியப் பெருமக்களே! ஐயமெழுந்தால் மாணவனை அழைத்து வாய்மொழியாகக் கேளுங்கள். விசாரியாமல் தீர்ப்பளித்த பாண்டியன் கதை நீங்கள் அறியாததா?