ஊடாடு மின்கதைகளுக்கான எழுதுகருவியும் புணர்ச்சியிலக்கணமும்

வாசகரே கதைமாந்தராக நின்று, ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் அடுத்த வழியைத் தெரிவுசெய்யும் நூல்வகையை விளையாட்டுக் கதைநூல் எனலாம். ஸ்டீவ் ஜாக்சன், இயான் லிவிங்ஸ்டன் இருவரும் எழுதி 1982இல் வெளிவந்த 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' 400 எண்ணிட்ட பகுதிகளைக் கொண்டது. அதில் பகடை உருட்டுவதும் கைப்பொருள்களைக் குறித்துவைப்பதும் வாசகர் வேலை. மின்வடிவில் அவ்வேலையைக் கணினி ஏற்றது. 2009இல் வெளிவந்த டுவைன், 2016இல் திறமூலமாக்கப்பெற்ற இங்க் போன்ற எழுதுகருவிகளால் நிரலாக்கப் பயிற்சி குறைந்தவரும் இத்தகு கதைகளை அமைக்க இயல்கிறது.

இக்கருவிகளில் தமிழெழுத்தை உள்ளிட ஒருங்குறி வழிசெய்துவிட்டது. கட்டளைச் சொற்களைத் தமிழாக்குவதே அடுத்த பணி எனச் சிலர் கருதக்கூடும். அது மேற்பூச்சே. உண்மையான இடர் புணர்ச்சியில் உள்ளது.

வாசகர் எடுத்த பொருளின் பெயரை நினைவில் வைத்து, பின்வரும் தொடரின் வெற்றிடத்தில் இட்டு நிரப்புவது இக்கருவிகளின் அடிப்படைச் செயல்களுள் ஒன்று. ஆங்கிலப் பெயர்ச்சொல் செயப்படுபொருளாகும்போது உருமாறுவதில்லை. ஆதலின் வெற்றிடம் எப்பெயரையும் ஏற்கும். தமிழிலோ 'வாள்' வாளை என்றும், 'பழம்' பழத்தை என்றும், 'கயிறு' கயிற்றை என்றும் திரியும். வெற்றிடத்தை அடுத்து ஐ உருபை எழுதிவைத்தால் திரையில் 'கயிறுஐ' என்றே தோன்றும். 'கயிறு என்பதை எடுத்தீர்கள்' என எழுதித் தப்புவது படிவங்களின் நடை. கதையின் நடை அன்று. பொருள்கள் பத்தே எனில் வேற்றுமை வடிவங்களை எழுத்தாளரே பட்டியலிட்டுவிடலாம். வாசகர் தம் பெயரைத் தாமே தட்டச்சிடும் கதையில் அதற்கும் வழியில்லை. அவரைப் பிற மாந்தர் சுட்டும்போது வந்தான், வந்தாள், வந்தார் என வினைமுற்றும் மாறவேண்டும்.

இலக்கணம் பயின்றோர் இப்பணியைக் கணினித்துறைக்கே விட்டுவிட்டால் 'என்பதை' நடையே நிலைத்துவிடும். மகர ஈற்றுக்கும் குற்றியலுகர ஈற்றுக்கும் நன்னூலார் வகுத்த விதிகள் நிலைமொழியின் ஈற்றை நோக்கி முடிபு கூறுவன. அம்முறை நிரலுக்கு அயலானதன்று. எனினும் ஈறு மட்டுமே போதாது. நீரோடும் 'ஆறு' ஆற்றை எனவும், எண்ணாகிய 'ஆறு' ஆறை எனவும் உருபேற்கும். ஆகவே பொருளை அறிமுகப்படுத்தும் இடத்திலேயே எழுத்தாளர் சொல்லின் வகையைக் குறித்துவைக்க, உருபேற்ற வடிவத்தைக் கருவி ஆக்கித்தரும் அமைப்பே பொருந்தும். எவ்வகைச் சொல்லுக்கு எக்குறிப்பு வேண்டும் என்பதைப் பகுப்பது முதற்பணி. வருமொழியும் வெற்றிடமாகுமிடத்து, 'கயிற்றைப் பிடித்தார்', 'கயிற்றை அறுத்தார்' என வல்லொற்று மிகுதலையும் மிகாமையையும் அமைப்பது அடுத்த பணி.