எங்கையும் இல்லை, சும்மா ஓடுறன்

வன்னியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் படலை தாண்டுமுன் கேள்வி வரும்: "எங்கை போறாய்?" கடைக்கு, ரியூசனுக்கு, கோயிலுக்கு எண்டு ஏதாவது சொல்லவேணும். "சும்மா" எண்டால் அது பதிலாகாது. பெடியன் எண்டால் வேலைவெட்டி இல்லாதவன். பெட்டை எண்டால் அதைவிட மோசமான கதை வரும்.

அந்தச் "சும்மா"வுக்காகச் சண்டை பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கட சனத்துக்குச் சைக்கிள் எப்பவும் கஷ்டகால வாகனம். 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத வருசங்களில் விறகு, நெல்லு, நோயாளி எல்லாம் அதில்தான் போனது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் சட்டி பானையைக் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு போனார்கள். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது தூசு தட்டி எடுத்தோம். வரிசை குறைந்ததும் திரும்பவும் கோடிப்புறத்தில் சாத்திவிட்டோம். அதனால்தான் இருபது வயதுக்கு மேல் ஒருவன் சைக்கிளில் திரிந்தால் "லீசிங்கில ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்கலாமே" எண்டு இரக்கப்படுகிறார்கள்.

"ஓடுறது" எண்ட சொல்லுக்கு எங்களிட்டை ரெண்டு அர்த்தம். சைக்கிள் ஓடுறதும் ஓடுறதுதான், செல்லுக்குப் பயந்து ஓடுறதும் ஓடுறதுதான். எங்கட பெற்றோர் இரண்டாவதைத்தான் அதிகம் ஓடினார்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் அவர்கள் எந்தப் பக்கம் போகவேணும் என்பதை வேறு யாரோதான் முடிவெடுத்தார்கள். பிறகு சோதனைச் சாவடியில் "எங்க போறாய், ஏன் போறாய்" எண்டு கேட்டார்கள். இன்று அதே கேள்வியை மதகில் குந்தியிருக்கும் ஐயாவும் வேலிக்கு மேலால் எட்டிப்பார்க்கும் மாமியும் கேட்கிறார்கள். துவக்கு வைத்திருந்தவனுக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டி இருந்தது. இவர்களுக்கு ஏன்?

"உடம்புக்கு நல்லது" எண்டு சொன்னால் விட்டுவிடுவார்கள். சொல்லாதீர்கள். அதுவும் ஒரு காரணம்தான். காரணம் காட்டினால்தான் வெளியில் போகலாம் என்பதை நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

பெண்கள் சைக்கிள் ஓடுவது வன்னிக்குப் புதுசில்லை. பள்ளிக்கூடம், வயல், வேலைத்தலம் எல்லாவற்றுக்கும் ஓடுகிறார்கள். பின்னேரம் காரணமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றினால்தான் ஊருக்குப் பொறுக்காது. அப்ப பிரச்சினை சைக்கிள் இல்லை. அவள் தன்ரை விருப்பத்துக்குப் போறதுதான்.

கண்டபாட்டுக்குப் பற்றைக்குள் இறங்கச் சொல்லவில்லை. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்பி வாருங்கள். ஏ9இல் பஸ்களோடு போட்டியும் வேண்டாம். இரணைமடுப் பக்கம் வாய்க்கால் கரையால் ஓடிப்பாருங்கள். போகும்போது எதிர்க்காத்தில் உழக்கிக் களைப்பீர்கள். வரும்போது அதே காத்து முதுகில் பிடித்துத் தள்ளும். எட்டு வயதில் பாருக்குக் கீழால் காலை விட்டு ஓடினபோது வந்த சிரிப்பு, இப்பவும் வரும்.

கோடிப்புறத்துச் சைக்கிளுக்கு இண்டைக்கே காத்தடியுங்கள். தங்கச்சியும் வரட்டும்.